முதலில் டிரம், கடைசியில் கேபிள்

ஹேண்ட் பிரேக்கின் வேலை, நின்ற காரை நின்ற இடத்திலேயே பிடித்து வைப்பது. ஓடும் காரை நிறுத்தும் வேலையைச் செய்வது கால் பிரேக். அது எண்ணெய் அழுத்தத்தால் இயங்குகிறது. அந்த அழுத்தத்தை மணிக்கணக்கில் தேக்கி வைக்க முடியாது. ஏதாவது ஒரு ரப்பர் வளையத்தின் வழியே துளி கசிந்தாலும் பிடி தளர்ந்துவிடும். அதனால்தான் நிறுத்தி வைக்கும் பிரேக்கின் பிடியை எண்ணெயை நம்பி விடாமல் இரும்புப் பாகங்களே தாங்க வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. கார் பிரேக்குகளுக்கான ஐ.நா. விதி 13-எச் இதற்கு அளவும் வகுத்திருக்கிறது. முழுச் சுமை ஏற்றிய கார் 20 சதவீதச் சரிவில் ஏற்றம் பார்த்து நின்றாலும் இறக்கம் பார்த்து நின்றாலும் நகரக் கூடாது. அப்படிப் பிடிப்பதற்குக் கை கொடுக்க வேண்டிய விசை 400 நியூட்டனைத் தாண்டவும் கூடாது. 20 சதவீதச் சரிவு என்றால் 100 மீட்டர் தூரத்துக்கு 20 மீட்டர் உயரம், சுமார் 11 டிகிரி. 400 நியூட்டன் என்பது கிட்டத்தட்ட 40 கிலோவைத் தூக்குகிற விசை.

அது மேல் வரம்பு. அன்றாட நிலையில் இதில் பாதி இழுப்பே போதுமானபடி பிரேக்கை அமைக்கிறார்கள். சுமார் 20 கிலோ விசையில் இழுத்தால் லீவர் எத்தனை கிளிக் ஏற வேண்டும் என்பதைப் பல கார்களின் கையேடு சொல்லும். பெரும்பாலான கார்களில் அது 4 முதல் 9 கிளிக்குக்குள் எங்கோ இருக்கும். அந்த எண்ணைத் தாண்டி லீவர் ஏறத் தொடங்குவதுதான் முதல் அறிகுறி. பத்து, பன்னிரண்டு கிளிக் ஏறிய பிறகும் சரிவில் கார் மெல்ல நழுவும்.

இந்த இடத்தில் வழக்கமாக நடப்பது ஒன்று உண்டு. லீவருக்கு அடியில் இருக்கும் நட்டைத் தேடிப்பிடித்து, லீவர் நாலு கிளிக்கில் நிற்கும் வரை முறுக்கிவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை, கைக்கும் இறுக்கமாகத் தெரியும். பல ஒர்க்‌ஷாப்களிலும் ‘ஹேண்ட் பிரேக் டைட் வைப்பது’ என்றால் இதுதான். ஆனால் அந்த நட்டு, வேலையின் கடைசிக் கட்டத்தில் தொட வேண்டியது. கோளாறு பெரும்பாலும் காரின் மறு முனையில், பின் சக்கரங்களின் டிரம்முக்குள் இருக்கிறது.

லீவரை இழுத்ததும் அதன் அடியில் உள்ள பல்வரிசையில் ஒரு சிறு நாக்கு ஒவ்வொரு பல்லாக ஏறி உட்காருகிறது. கிளிக் சத்தம் அதுதான். நுனியில் உள்ள பொத்தானை அழுத்தினால் நாக்கு பல்லை விட்டு விலகும். லீவர் இழுக்கும் கம்பி ஒரு சமன்படுத்தும் பட்டையில் முடிகிறது. அங்கிருந்து இரண்டு கேபிள்கள் பிரிந்து இரண்டு பின் சக்கரங்களுக்கும் போகின்றன. ஒரு பக்கம் கொஞ்சம் முன்னதாகப் பிடித்தாலும் பட்டை சாய்ந்து கொடுத்து, இழுவிசையை இரு பக்கமும் சமமாகப் பங்கிடும். டிரம்முக்குள் கேபிள் ஒரு சிறு நெம்புகோலை இழுக்க, அது ஒரு குறுக்குப் பட்டையின் வழியாக இரண்டு பிரேக் ஷூக்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. கால் பிரேக்கை மிதிக்கும்போது எண்ணெய் அழுத்தத்தால் விரிவதும் இதே ஷூக்கள்தான். டிரம்முக்குள் இரண்டு பிரேக்குகளும் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. ஒன்றின் குறை மற்றதையும் பாதிப்பது அதனால்தான்.

ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனர் தேயத் தேய, டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடும். அதை ஈடுகட்ட உள்ளேயே அட்ஜஸ்டர் என்ற ஒரு தானியங்கி அமைப்பு உண்டு. சில கார்களில் அது பற்கள் உள்ள சிறு சக்கரம், சிலவற்றில் பல் வெட்டிய பட்டை. கால் பிரேக்கை மிதிக்கும்போதோ, ரிவர்ஸில் போய் பிரேக் பிடிக்கும்போதோ, ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போதோ, காரின் வகைக்கேற்ப அது ஒரு பல் நகர்ந்து இடைவெளியைக் குறைக்கும். துரு ஏறியோ லைனர் தூள் அடைத்தோ இது இறுகிப்போனால், இடைவெளி கூடிக்கொண்டே போகும். அந்தக் கூடுதல் இடைவெளியைத்தான் லீவரில் கூடுதல் கிளிக்குகளாகக் கை உணர்கிறது.

கேபிளை மட்டும் முறுக்குவது ஏன் தவறு என்பதும் இங்கேதான் விளங்கும். தானியங்கி அமைப்பு சரியாக அளக்க வேண்டுமானால், லீவர் இறக்கியிருக்கும்போது டிரம்முக்குள் இருக்கும் நெம்புகோல் தன் ஓய்வு நிலைக்கு முழுவதும் திரும்பியிருக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுகிய கேபிள் அதைத் திரும்பவிடாது. ஷூக்கள் பாதி விரிந்த நிலையிலேயே நிற்பதால், சரிசெய்ய இடைவெளி எதுவும் இல்லை என்பது போல அந்த அமைப்பு முடங்கிவிடும். லைனர் மேலும் தேயும், நட்டை மேலும் முறுக்க வேண்டிவரும், ஒரு கட்டத்தில் மரையே தீர்ந்துபோகும். இதற்கிடையில் ஷூ உரசிக்கொண்டே ஓடும் சக்கரம் சூடாகும், மைலேஜ் குறையும். ‘கேபிள் நீண்டுவிட்டது’ என்று சொல்வது வழக்கம். புதுக் கேபிள் தொடக்கத்தில் சற்று நெகிழ்ந்து கொடுப்பது உண்மைதான். அதன் பிறகு எஃகுக் கேபிள் அவ்வளவு எளிதாக நீள்வதில்லை. பழி பெரும்பாலும் லைனருக்கும் அடைத்துப்போன அட்ஜஸ்டருக்கும் உரியது.

வீட்டில் இந்த வேலையைச் செய்யச் சமதளமான, கெட்டியான தரை வேண்டும். ஜாக்கி, அதோடு இரண்டு ஜாக் ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அடை கொடுக்க நல்ல மரக்கட்டைகள், ஸ்பேனர் செட், தட்டையான திருப்புளி, டார்ச் லைட் ஆகியவை போதும். காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்காக மட்டும் கொடுக்கப்படுவது. அதை மட்டும் நம்பிக் காருக்கடியில் தலையையோ கையையோ நுழைக்கக் கூடாது. செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் முட்டுக் கொடுப்பது அதைவிட ஆபத்து, எடை ஏறியதும் அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

பின் சக்கரங்களைத் தூக்கி, ஹேண்ட் பிரேக்கையும் விடுவித்துத்தான் இந்த வேலையைச் செய்ய முடியும். அப்படியானால் காரைப் பிடித்து வைப்பது எது? முன் சக்கரங்களால் ஓடும் கார் என்றால், அதாவது இன்றைய சிறிய ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலானவை, முதல் கியரில் போட்டுவிட்டால் முன் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். ஈகோ, பொலேரோ, பழைய டீசல் இன்னோவா போன்ற பின் சக்கர இழுவை வண்டிகளில் கியர் பிடிப்பது பின் சக்கரங்களைத்தான். அவையோ அந்தரத்தில் தொங்கும். கியரில் போட்டும் பயனில்லை, முன் சக்கரங்கள் எந்தத் தடையும் இல்லாமல் உருளும். எந்தக் காரானாலும் முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுப்பது கட்டாயம். பின் சக்கர இழுவை வண்டிகளில் அது ஒன்றே காவல்.

சக்கர நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திக்கொண்டு, பிறகு தூக்கி ஸ்டாண்டில் இறக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும், கேபிள் நட்டையும் தாராளமாகத் தளர்த்திவிட வேண்டும். ஷூவின் இடைவெளியைப் பார்க்கும்போது கேபிளின் இழுப்பு எதுவும் குறுக்கிடக் கூடாது. நட்டு பெரும்பாலான சிறிய கார்களில் இரு முன் சீட்டுகளுக்கு நடுவே, லீவரின் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே இருக்கும். சில வண்டிகளில் காருக்கு அடியில், சமன்படுத்தும் பட்டையிலேயே இருக்கும்.

அடுத்து சக்கரத்தை எடுத்துவிட்டு டிரம்மைக் கழற்றுவது. பல கார்களில் டிரம்மின் முகப்பில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கும். பொருத்தமான இரண்டு போல்ட்டுகளை அவற்றில் மாறி மாறி முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். சுத்தியலால் விளிம்பில் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும். நெடுநாள் கழற்றாத டிரம்மின் உள் விளிம்பில் தேயாத ஒரு மேடு உருவாகி, அது ஷூவில் மாட்டிக்கொள்ளும். அப்போது டிரம்மின் பின்புறத்தை மூடும் பின் தகட்டில் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்து, திருப்புளியால் அட்ஜஸ்டரைத் தளர்த்திய பிறகு இழுக்க வேண்டும். சில சிறிய கார்களில் வீல் பேரிங் டிரம்முக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அவற்றில் அச்சு நட்டைக் கழற்றினால்தான் டிரம் வரும். அதைத் திரும்ப முடுக்குவதற்குக் குறிப்பிட்ட டார்க் அளவு உண்டு என்பதால், டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் அந்த வகையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

டிரம்முக்குள் படிந்திருக்கும் கரிய தூளை வாயால் ஊதுவதும் காற்றுக் குழாயால் அடிப்பதும் கூடாது. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இப்போதைய லைனரின் தூளும் நுரையீரலுக்கு நல்லதல்ல. முகக்கவசம் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனர் தெளித்தோ ஈரத் துணியாலோ துடைத்தெடுக்கலாம்.

சுத்தம் செய்ததும் பார்க்க வேண்டியவை சில. லைனரின் கனம் கையேடு சொல்லும் எல்லைக்குக் கீழே போயிருந்தாலோ, எங்காவது ஒட்டு விட்டிருந்தாலோ, நான்கு ஷூக்களையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். டிரம் எவ்வளவு தேயலாம் என்பதற்கான உச்ச விட்டம் பெரும்பாலும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஈரம் தெரிந்தால் அது எந்த எண்ணெய் என்று பார்க்க வேண்டும். ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்தால் பிரேக் ஆயில், பின் அச்சின் ஆயில் சீல் போயிருந்தால் கியர் ஆயில். எண்ணெயில் ஊறிய லைனரைத் துடைத்துப் பயன்படுத்த முடியாது. கசிவை அடைத்துவிட்டு ஷூவை மாற்றுவதே வழி. இவற்றில் எது இருந்தாலும் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் ஹேண்ட் பிரேக் பிடிக்கப் போவதில்லை.

இவை எல்லாம் நன்றாக இருந்தால் அட்ஜஸ்டரைக் கவனிக்கலாம். பல் சக்கரம் விரலால் இருபுறமும் சுற்ற வர வேண்டும். இறுகியிருந்தால் கழற்றி, மரையைத் துருவில்லாமல் தேய்த்து, வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை மரையில் மிக மெல்லியதாகத் தடவிப் பொருத்தலாம். லைனரில் கிரீஸ் பட்ட கைவிரல்கூடப் படக் கூடாது. கேபிளின் முனையைக் கையால் இழுத்து விட்டால், டிரம்முக்குள் உள்ள நெம்புகோல் சட்டென்று தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். மந்தமாகத் திரும்பினால் கேபிளின் உறைக்குள் துரு பிடித்திருக்கிறது என்று பொருள். உறை கிழிந்து மழைநீர் புகுந்த கேபிளுக்கும், வெள்ளத்தில் நின்ற காரின் கேபிளுக்கும் இதுதான் கதி. எண்ணெய் விட்டு ஓட்டுவது சில நாள் தாங்கும், மாற்றுவதுதான் தீர்வு.

இனி இடைவெளி. பல் சக்கரம் உள்ள வகையில் டிரம்மையும் காரின் சக்கரத்தையும் மாட்டிவிட்டு, பின் தகட்டின் ஓட்டை வழியாகத் திருப்புளியை நுழைத்து, சக்கரம் சுற்றாமல் நிற்கும் வரை அட்ஜஸ்டரை ஏற்றி, பிறகு சில பற்கள் இறக்கிவிடுவது பழைய வழக்கம். எத்தனை பல் என்பது காருக்குக் கார் மாறும். ஆனால் விளைவு ஒன்றுதான்: சக்கரத்தைக் கையால் சுழற்றினால் லேசான உரசல் சத்தம் மட்டும் கேட்க வேண்டும், சுழற்சி தடைபடக் கூடாது. இரு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பின் சக்கர இழுவை வண்டிகளில் நியூட்ரலில் சுழற்றும்போதும் கொஞ்சம் பாரமாக இருக்கும், ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றவும் கூடும். அது டிஃபரன்ஷியலின் இயல்பு, அதைப் பிரேக்கின் உரசல் என்று எண்ணிவிடக் கூடாது. பல் பட்டை வகையில் கையால் செய்ய வேண்டியது குறைவு. டிரம்மை மாட்டிய பின் எஞ்சினை ஓடவிட்டு, கியர் நியூட்ரலில் இருக்க, கால் பிரேக்கைப் பலமுறை அழுத்தமாக மிதித்தால் ஷூக்கள் தாமே தங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டிரம் மாட்டாத நிலையில் பிரேக்கை மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும், எண்ணெயும் கொட்டிவிடும். உதவிக்கு யாராவது ஓட்டுநர் சீட்டில் இருந்தால், இதை அவரிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது.

பலருக்கு இத்துடன் வேலை முடிந்துவிடும். தளர்த்திய கேபிள் நட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்ததுமே கிளிக்குகள் சரியாக இருக்கும். இல்லையென்றால்தான் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். மரைக் கம்பி நட்டோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளாதபடி அதை இடுக்கியால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் லீவரை இரண்டு மூன்று தடவை முழுவதுமாக இழுத்து விட்ட பிறகே எண்ண வேண்டும், கேபிள் தன் பள்ளங்களில் சரியாக உட்கார அது உதவும். கையேட்டு எண்ணின் நடுப்பகுதியில் நிறுத்துவது நல்லது. மிகக் குறைந்த கிளிக்கில் பிடிக்க வைப்பது திறமையைக் காட்டுவதாகத் தோன்றலாம், ஆனால் வெப்பத்தில் டிரம்மும் ஷூவும் விரிந்து சுருங்குவதற்கு அது இடம் வைக்காது.

லீவர் முழுவதும் இறங்கிய நிலையில் இரண்டு பின் சக்கரங்களும் தடையின்றிச் சுற்ற வேண்டும். குறித்த கிளிக்கில் இரண்டையும் கையால் அசைக்க முடியக் கூடாது. ஒன்று பிடித்து மற்றது சுற்றினால், சமன்படுத்தும் பட்டை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைக் கேபிள் நட்டால் நேராக்க முடியாது. தளர்ந்த பக்கத்தின் டிரம்மை மறுபடி திறந்து பார்க்க வேண்டும். முதல் கிளிக்கிலேயே டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறதா, லீவரை இறக்கியதும் அணைகிறதா என்பதும் பார்க்க வேண்டியது. அணையாவிட்டால் லீவரின் சுவிட்சைச் சந்தேகிக்கும் முன் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பல கார்களில் இரண்டுக்கும் ஒரே விளக்குதான்.

சக்கர நட்டுகளைக் கார் தரையிறங்கிய பிறகு குறுக்குமறுக்காக முழுதும் முடுக்கி, ஆள் நடமாட்டமில்லாத ஒரு மிதமான சரிவில் சோதிக்கலாம். கால் பிரேக்கைப் பிடித்தபடி லீவரை இழுத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை மெல்லத் தளர்த்த வேண்டும். கால் பிரேக்கின் மேலேயே காத்திருக்கட்டும். ஏறும் திசையில் ஒரு முறை, இறங்கும் திசையில் ஒரு முறை. ஓடும் காரில் லீவரைச் சுண்டி இழுத்துச் சோதிப்பது கார் சுழன்று திரும்புவதற்கான வழி. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரு பின் சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், ஒரு பக்கம் மட்டும் அனலடிக்கிறதா என்று தெரிந்துவிடும். அடித்தால் அந்தப் பக்கம் ஷூ உரசுகிறது, வேலையை அங்கே தொடர வேண்டும்.

பின்புறம் டிஸ்க் பிரேக் உள்ள கார்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. சிலவற்றில் டிஸ்க்கின் நடுப்பகுதியே ஒரு சிறு டிரம்மாக இருக்கும், அதற்குள் ஹேண்ட் பிரேக்குக்கென்று தனி ஷூக்கள் உண்டு. ஓடும்போது அவற்றுக்கு வேலையே இல்லாததால் லைனர் அவ்வளவாகத் தேயாது. பயன்படுத்தாமலே துருப்பிடிப்பதுதான் அவற்றின் நோய். மற்றவற்றில், டிஸ்க்கைப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கேபிள் நேரே இயக்குகிறது. இதில் பேட் மாற்றும்போது பிஸ்டனை அழுத்தித் தள்ளக் கூடாது. அதற்கான கருவியால் திருகியபடி உள்ளே செலுத்த வேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் அட்ஜஸ்டர் உடையும். இந்த வகைக்கு இன்னொரு குணமும் உண்டு. சூடான டிஸ்க் ஆறும்போது சுருங்கி, பேடின் பிடி தளரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கி வந்து, சரிவில் நிறுத்திய கார் கொஞ்ச நேரம் கழித்து நகரக்கூடும் என்பதை நினைவில் வைத்து, இன்னும் ஒரு கிளிக் கூடுதலாக இழுப்பதும் கியரில் விடுவதும் அவசியம். டிரம்மில் நடப்பது நேர்மாறு, ஆறும்போது அது ஷூவின் மேல் சுருங்கிப் பிடி இறுகும்.

2001-ல் பிஎம்டபிள்யூ தன் 7 சீரிஸ் காரில் கொண்டுவந்த மின்சாரப் பார்க்கிங் பிரேக் இப்போது நடுத்தர விலைக் கார்கள் வரை வந்துவிட்டது. அவற்றில் லீவருக்குப் பதில் ஒரு பொத்தான், கேபிளுக்குப் பதில் பெரும்பாலும் காலிப்பரிலேயே பொருத்திய மோட்டார். தேய்மானத்தை மோட்டாரே ஈடுகட்டிக்கொள்வதால் வீட்டில் முறுக்குவதற்கு நட்டு எதுவும் கிடையாது. பேட் மாற்றுவதென்றால், காரின் கம்ப்யூட்டரைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோன பிறகுதான் கை வைக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் திறந்தால் மோட்டார் திடீரென இயங்கி விரலை நசுக்கக்கூடும்.

சரிசெய்த ஹேண்ட் பிரேக் கெடாமல் இருக்க அதைத் தினமும் பயன்படுத்துவதே வழி. சமதளத்தில் கியரில் விட்டுப் பழகியவர்களின் கார்களில்தான் கேபிள் அதிகம் துருப்பிடிக்கிறது. இதற்கு ஒரு விலக்கு, மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது. கடற்கரை ஊர்களிலும் மழைக்காலத்திலும் இழுத்த லீவரோடு நெடுநாள் நின்ற காரின் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். அப்படி நிறுத்தும்போது சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, லீவரை இறக்கிவிடலாம். புது ஷூ போட்ட காரில், லைனர் டிரம்முக்கு ஏற்பப் படிந்து கொடுக்கச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதன் பிறகு கிளிக்குகளை மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்து, தேவைப்பட்டால் அப்போது கேபிள் நட்டில் அரைச் சுற்று கொடுத்தால் போதும்.